நிக் பதிவு செய்தபின் மின்னஞ்சலை ஏன் சரிபார்க்க வேண்டும்?

ஐஆர்சி என்ற பழைய அரட்டை முறையை வேலூர்ப் பக்கத்தில் இன்று தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். மடிக்கணினியில் டெபியன் என்ற இயங்குதளத்தை நிறுவிய பிறகு வைஃபை வேலை செய்யவில்லை. திறந்த மூல மென்பொருள் ஒன்றுக்கு முதல் திருத்தத்தை அனுப்ப வேண்டும். ஒரு மென்பொருளின் தமிழ் மொழிபெயர்ப்பில் சந்தேகம். அதை எழுதியவர்களிடமே நேரடியாகக் கேட்கலாம் என்று யாரோ சொல்லக் கேட்டு உள்ளே வருகிறார்கள். வந்தவுடன், பதிவு செய்த பெயர் இருந்தால்தான் இந்தச் சேனலுக்குள், அதாவது அரட்டை அறைக்குள், நுழையலாம் என்று ஒரு செய்தி. பதிவு செய்யப் போனால் மின்னஞ்சல் முகவரி கேட்கிறது. கொடுத்தால், உங்கள் அஞ்சலுக்கு ஒரு குறியீடு அனுப்பியிருக்கிறோம், அதைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்கிறது. அரட்டை அடிக்க வந்த இடத்தில் இவ்வளவு எதற்கு என்று இந்த இடத்திலேயே திரும்பிவிடுகிறவர்கள் பலர். காரணம் புரிந்துவிட்டால் ஐந்து நிமிட வேலை இது. புரியாமல் செய்தால் இரண்டு வருடம் கழித்துச் சிக்கல் வரும். அதனால் காரணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஐஆர்சியை ஃபின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் ஜார்க்கோ ஒய்காரினென் 1988 ஆகஸ்டில் உருவாக்கினார். அன்றைய அமைப்பில் பெயர் யாருக்கும் சொந்தமில்லை. ஒரு பெயரை வைத்துக்கொண்டு நீங்கள் உள்ளே இருக்கும்வரை அது உங்களுடையது. வெளியே போன நொடியில் யார் வேண்டுமானாலும் அதை எடுத்துக்கொள்ளலாம். சத்துவாச்சாரியில் மின்சாரம் போய் உங்கள் இணைப்பு அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அரைமணி நேரம் கழித்து நீங்கள் திரும்பி வரும்போது உங்கள் பெயரில் வேறொருவர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம். உங்களைத் தெரிந்தவர்கள் அவரை நீங்கள் என்றே நினைத்துப் பதில் சொல்லலாம். ஐஆர்சி ஒரே இடம் அல்ல, தனித்தனி நெட்வொர்க்குகள் பல; அவற்றில் இஎஃப்நெட் போன்ற சில பழைய நெட்வொர்க்குகள் இன்றுவரை இப்படித்தான் நடக்கின்றன. அங்கே பெயரைப் பதிவு செய்யும் ஏற்பாடே கிடையாது.

இந்தக் குறையைத் தீர்க்க மற்ற நெட்வொர்க்குகள் பலவும் வைத்திருக்கும் சேவைதான் நிக்செர்வ். நிக் என்பது நீங்கள் வைத்துக்கொள்ளும் அரட்டைப் பெயர். நிக்செர்வ் மனிதர் அல்ல; பெயர்களையும் அவற்றுக்குரிய கடவுச்சொற்களையும் பதிவேட்டில் வைத்திருக்கும் ஒரு நிரல். ஆளோடு பேசுவதுபோலவே அதற்குத் தனிச்செய்தி அனுப்பிப் பேச வேண்டும் என்பதால் புதிதாக வருகிறவர்கள் அதற்கு வணக்கம் சொல்லி, ஆங்கிலத்தில் முழு வாக்கியம் எழுதிக் கேட்கிறார்கள். அதற்குத் தெரிந்தவை சில கட்டளைகள் மட்டுமே.

கடவுச்சொல் இருக்கும்போது மின்னஞ்சல் எதற்கு என்பது நியாயமான கேள்வி. கடவுச்சொல் மறந்துபோனால் என்ன செய்வீர்கள் என்பதுதான் முதல் பதில். ஐஆர்சி உங்களிடம் கைபேசி எண் கேட்பதில்லை, ஆதார் கேட்பதில்லை, உங்கள் உண்மைப் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதுகூட இல்லை. அதன் அழகே அதுதான் என்பேன். ஆனால் உங்களைப் பற்றி எதுவுமே தெரியாத ஓர் அமைப்பு, கடவுச்சொல் மறந்து வந்து நிற்கும் உங்களை எப்படி அடையாளம் காணும்? அதற்கு ஒரே ஒரு வழி வேண்டும். அந்த வழி உங்கள் அஞ்சல் பெட்டி. இரண்டாவது காரணம் நெட்வொர்க்கின் நலன். மின்னஞ்சலைச் சரிபார்க்காமல் விட்டால், விளம்பரக் குப்பை போடுகிறவன் நிரல் ஒன்றை ஓடவிட்டு ஆயிரக்கணக்கான பெயர்களைச் சில நிமிடங்களில் பதிவு செய்துவிடுவான். ஊர்பேர் தெரியாத யாரோ ஒருவரின் முகவரியைக் கொடுத்து அவர் தலையில் பதிவை ஏற்றிவிடவும் முடியும்.

இப்போது கருத்தின் மையத்துக்கு வருவோம். இந்தச் சரிபார்ப்பு எதை நிரூபிக்கிறது?

சாயிநாதபுரத்தில் இன்ன தெருவில் இன்ன கதவு எண்ணில் குடியிருக்கிறேன் என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா என்று பார்க்க, அந்தக் கதவு எண்ணுக்கு ஒரு கடிதம் எழுதி, அதற்குள் யாரும் ஊகிக்க முடியாத ஒரு சொல்லை வைத்து அனுப்புகிறீர்கள். அவர் உங்கள் முன்னால் வந்து அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால், அந்த வீட்டுக்கு வரும் கடிதத்தைப் பிரிக்கும் வசதி அவருக்கு இருக்கிறது என்று தெரிந்துவிடும். வீடு அவருக்குச் சொந்தமா, வாடகையா, அவர் பெயர் என்ன, நல்லவரா என்பதெல்லாம் தெரியாது. கடிதத்தைப் பிரிக்க முடிகிறது என்பது ஒன்றுதான் தெரியும். மின்னஞ்சல் சரிபார்ப்பும் அதை மட்டுமே நிரூபிக்கிறது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருவருடைய நிக் பதிவு செய்யப்பட்டது என்று தெரிந்தவுடன் அவர் நம்பத்தக்கவர் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். நேற்று இந்தப் பெயரில் பேசியவரும் இன்று பேசுகிறவரும் ஒரே கணக்கைப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்குத்தான் அந்தப் பதிவு சாட்சி. அவர் யார் என்பதற்குச் சாட்சி அல்ல.

தபாலுக்கும் மின்னஞ்சலுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வட ஆற்காடு மாவட்டம் 1989இல் பிரிந்தது. வேலூர் மாவட்டம் 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. ஆனாலும் வாலாஜாபேட்டைக்கு எழுதும் கடிதத்தில் வட ஆற்காடு என்று போட்டுவிட்டால் தபால்காரர் புரிந்துகொண்டு கொண்டுவந்து கொடுத்துவிடுவார். மின்னஞ்சலுக்கு அப்படி ஒரு தபால்காரர் கிடையாது. டொமைனில், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பகுதியில், இரண்டு எழுத்து இடம் மாறினால் அஞ்சல் உங்களிடம் வந்து சேராது. பெயர்ப் பகுதியில் ஓர் எழுத்து கூடினால் முன்பின் தெரியாத ஒருவரிடம் போய்ச் சேரலாம். சரிபார்ப்பு இல்லையென்றால் இந்தத் தவறு உங்களுக்குத் தெரியவே தெரியாது. கடவுச்சொல் மறந்த அன்றுதான் தெரியவரும். அன்று ஒன்றும் செய்ய முடியாது. அஞ்சலை முதல் நாளே சோதித்துப் பார்க்கச் சொல்வது உங்கள் நன்மைக்குத்தான்.

செய்முறையைப் பார்ப்போம். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். முதலில் விரும்பும் நிக்கை வைத்துக்கொண்டு உள்ளே நுழையுங்கள். நிக்கின் முதல் எழுத்து எண்ணாக இருக்கக்கூடாது. பழைய நெட்வொர்க்குகள் பலவற்றில் தமிழ் எழுத்தில் நிக் வைக்க முடியாது, ஆங்கில எழுத்தும் எண்ணும் ஒருசில குறிகளும்தான். பிறகு சாய்கோடு, அதை ஒட்டி எம்எஸ்ஜி, ஓர் இடைவெளி, நிக்செர்வ், ரெஜிஸ்டர், உங்கள் கடவுச்சொல், உங்கள் மின்னஞ்சல் முகவரி. எல்லாம் ஒரே வரியில்.

இந்த வரியை எங்கே தட்டச்சு செய்கிறீர்கள் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். காட்பாடியில் மாணவி ஒருவர் பதிவு செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். வரியின் தொடக்கத்தில், சாய்கோட்டுக்கு முன்னால், தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. அந்த மென்பொருளுக்கு அது கட்டளையாகத் தெரியவில்லை; பேச்சாகத் தெரிந்தது. கடவுச்சொல்லும் மின்னஞ்சல் முகவரியும் சேர்ந்து சேனலில் இருந்த அத்தனை பேர் திரையிலும் போய் விழுந்தன. சேனலில் ஒருவர் உடனே, கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று எழுதினார். நல்ல மனிதர். அப்படி ஒருவர் எப்போதும் இருக்க மாட்டார். ஆகவே எந்தச் சேனலிலும் சேருவதற்கு முன்னால், இணைந்தவுடன் திறக்கும் சர்வர் சாளரத்திலேயே பதிவை முடித்துவிடுங்கள். கை தவறினாலும் படிக்க அங்கே யாரும் இல்லை.

அதேபோல, இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டதா, அதாவது இடையில் யாரும் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்பப்படுகிறதா என்று பாருங்கள். ஐஆர்சி சர்வருக்குள் நுழையும் வாசல் எண்ணைப் போர்ட் என்பார்கள்; பழைய போர்ட் 6667. அதன் வழியே போவது பெரும்பாலும் திறந்த எழுத்து. மறையாக்கத்தோடு போக வேண்டுமானால் 6697. கல்லூரி விடுதியிலோ, காந்தி ரோடு லாட்ஜ்களிலோ ஒரே வைஃபையைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் இடத்தில் 6667 வழியாகக் கடவுச்சொல் அனுப்பினால், அதே வைஃபையில் ஒட்டுக்கேட்கத் தெரிந்தவர் அதை அப்படியே படித்துவிட முடியும். பதிவுக்கு முன்னால் பார்க்க வேண்டிய அமைப்பு இது. பிறகு மாற்றிப் பயனில்லை.

ரெஜிஸ்டர் கட்டளையை அனுப்பியவுடன் பின்னணியில் சில வேலைகள் நடக்கின்றன. நிக்செர்வ் உங்கள் பெயரைப் பதிவேட்டில் எழுதி, சரிபார்ப்புக்குக் காத்திருக்கிறது என்று குறித்துக்கொள்கிறது. யாரும் ஊகிக்க முடியாத எழுத்துக்கோவை ஒன்றை உருவாக்கி அதை ஓர் அஞ்சலில் வைக்கிறது. நெட்வொர்க்கின் அஞ்சல் சர்வர், உங்கள் முகவரியில் உள்ள டொமைனுக்கு அஞ்சல் வாங்கிக்கொள்ளும் சர்வர் எது என்று டிஎன்எஸ் என்ற இணையப் பெயர்ப் பதிவேட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதனிடம் ஒப்படைக்கிறது. அந்த ஒப்படைப்பு நடக்கும் எஸ்எம்டிபி முறையை ஜான் போஸ்டல் 1982இல் எழுதி வெளியிட்டார். இன்றும் அடிப்படை அதுதான். வாங்கிக்கொள்ளும் சர்வர் 250 என்ற எண்ணைச் சொன்னால் ஏற்றுக்கொண்டேன் என்று பொருள். ஏற்றுக்கொண்டதாலேயே உங்கள் இன்பாக்ஸில் வைத்துவிட்டது என்று பொருள் ஆகாது. ஸ்பேம் பெட்டியில் போட்டிருக்கலாம். முன்பின் தெரியாத சர்வரிலிருந்து வரும் அஞ்சலைச் சில சர்வர்கள் முதல்முறை தற்காலிகமாகத் திருப்பி அனுப்பும். சற்று நேரம் கழித்து மறுபடி வந்தால்தான் ஏற்கும். ஸ்பேம் அனுப்புகிறவன் பெரும்பாலும் மறுபடி வர மாட்டான் என்ற கணக்கு. அதனால் குறியீடு உடனே வரவில்லை என்று பதறி, அடுத்தடுத்து வேறு முகவரிகளைக் கொடுத்துப் பதிவு செய்யாதீர்கள். ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள், பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். அதற்குப் பிறகும் வராவிட்டால், கொடுத்த முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

அஞ்சல் வந்ததும் அதற்குள் நீங்கள் அனுப்ப வேண்டிய கட்டளை முழுவதுமாக எழுதப்பட்டிருக்கும். அத்தீம் என்ற மென்பொருளில் ஓடும் நெட்வொர்க்குகளில் வெரிஃபை ரெஜிஸ்டர், உங்கள் நிக், குறியீடு என்ற வரிசை. லிபெரா சாட் என்ற நெட்வொர்க் இந்த வகை. அனோப் என்ற மென்பொருளில் கன்ஃபர்ம் என்ற சொல்லும் குறியீடும். வேறு சில நெட்வொர்க்குகள் குறியீட்டுக்குப் பதிலாக ஓர் இணைப்பைச் சொடுக்கச் சொல்லும். எந்த வகையானாலும் குறியீட்டைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டாம். பூஜ்யமும் ஓ எழுத்தும், ஒன்றும் எல் எழுத்தும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். கைபேசியோ முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடும். அஞ்சலில் உள்ள வரியை முழுதாக நகலெடுத்து ஒட்டுங்கள். முன்னால் இடைவெளி இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

புதியவர்களை மிகவும் குழப்புவது வேறொன்று. பதிவு செய்த பிறகு, அஞ்சலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்துவிடுகிறது. திரும்பி வந்து சரியான குறியீட்டையே ஒட்டினாலும் நிக்செர்வ் மறுக்கிறது. குறியீடு கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். கெடவில்லை. அத்தீம் வகை நெட்வொர்க்குகளில், சரிபார்க்கும் நேரத்தில் நீங்கள் அந்தக் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். முதலில் ஐடென்டிஃபை கட்டளையோடு கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே நுழையுங்கள், பிறகு குறியீட்டைக் கொடுங்கள், ஏற்றுக்கொள்ளும். இந்தக் கட்டுப்பாடு வீண் தொல்லை அல்ல. உங்கள் முகவரியில் எழுத்துப்பிழை நேர்ந்து குறியீடு வேறொருவர் பெட்டிக்குப் போய்விட்டால், அவரிடம் குறியீடு இருக்கும், கடவுச்சொல் இருக்காது. உங்களிடம் கடவுச்சொல் இருக்கும், குறியீடு இருக்காது. இருவராலும் பதிவை முடிக்க முடியாது. ஒரு நாளுக்குள் யாரும் முடிக்காவிட்டால் அந்தப் பதிவு தானாகவே காலாவதியாகிவிடும். பெயர் மறுபடி பொதுவுக்கு வந்துவிடும். பிழை தானே அழிந்துபோகும்படி அமைத்திருக்கிறார்கள். இதை யோசித்து வைத்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

சரிபார்க்கும்வரை உங்கள் கணக்கு பாதிக் கணக்குதான். பதிவு செய்தவர்கள் மட்டும் நுழையலாம் என்று பூட்டிய சேனல்கள் திறக்காது. விளம்பரக் குப்பை அதிகமாகும் நாட்களில் பெரிய உதவிச் சேனல்கள் இந்தப் பூட்டைப் போடுவது வழக்கம். நாளை ப்ராஜெக்ட் சமர்ப்பிக்க வேண்டும், இன்று இரவு ஒரு சந்தேகம் கேட்க வேண்டும் என்று ஓடிவரும் நேரத்தில் பதிவு வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

எந்த மின்னஞ்சலைக் கொடுப்பது? இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த முக்கியமான செய்தியே இதுதான். வேலூரைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை; இன்று கல்லூரிகள் பலவும் மாணவருக்குத் தம் பெயரிலேயே மின்னஞ்சல் தருகின்றன. கையில் இருப்பது அது, தினமும் திறப்பது அது என்பதால் மாணவர்கள் அதையே எல்லா இடத்திலும் கொடுக்கிறார்கள். படிப்பு முடிந்த பிறகு அந்தப் பெட்டியை மூடும் உரிமை கல்லூரிக்கு உண்டு. நான்கு வருடம் ஒரே நிக்கில் இருந்து, நல்ல பெயர் எடுத்து, ஒரு சேனலைப் பொறுப்பேற்று நடத்தும் நிலைக்கு வந்த பிறகு, கடவுச்சொல் மறந்த ஒரு நாளில் மூடிய பெட்டியின் வாசலில் நிற்பது பெரிய இழப்பு.

இன்னொரு வகை உண்டு. குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் இன்னும் பல பேருடைய முதல் மின்னஞ்சலை உருவாக்கிக் கொடுத்தது பிரவுசிங் சென்டர்தான். கலந்தாய்வுக்கு, தேர்வு விண்ணப்பத்துக்கு, உதவித்தொகைக்கு என்று அவசரமாகப் போகும்போது சென்டரில் இருப்பவர் ஒரு முகவரியை உருவாக்கி, தானே ஒரு கடவுச்சொல் வைத்து, சில சமயம் மீட்புக்குத் தன் கைபேசி எண்ணையே கொடுத்து வேலையை முடித்துவிடுவார். உதவிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்கு இரண்டு பேரிடம் சாவி இருக்கிறது. அதைக் கொண்டு பதிவு செய்யும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேரிடம் சாவி இருக்கும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், பதிவு செய்யும்போது கடவுச்சொல், குறியீடு இரண்டும் தேவைப்படுகின்றன. கடவுச்சொல்லை மீட்கும்போது அஞ்சல் பெட்டி மட்டும் போதும். அத்தீம் வகையில், நிக்செர்விடம் சென்ட்பாஸ் என்று கேட்டால் பதிவான முகவரிக்கு ஒரு திறவுச்சொல் போகிறது. அதைப் படிக்க முடிந்தவர் புதிய கடவுச்சொல்லை வைத்துக்கொள்ளலாம். பழைய கடவுச்சொல் என்ன என்று யாரும் கேட்பதில்லை. கேட்கவும் முடியாது, மறந்துவிட்டதால்தானே வந்திருக்கிறீர்கள். ஆக, உங்கள் நிக்குக்கு எவ்வளவு வலுவான கடவுச்சொல் வைத்தாலும் அது உங்கள் அஞ்சல் பெட்டியின் பூட்டைவிட வலுவாக இருக்கப்போவதில்லை. நீங்களே உருவாக்கிய, உங்கள் கைபேசி எண்ணே மீட்பு எண்ணாக உள்ள, இரண்டு படிச் சரிபார்ப்பு போட்ட ஒரு சொந்த முகவரியைக் கொடுங்கள். பத்து நிமிடத்தில் மறைந்துபோகும் தற்காலிக முகவரி தரும் சேவைகள் உண்டு; அவற்றைக் கொடுத்தால் குறியீடு வரும், வேலையும் நடக்கும். ஆனால் பல நெட்வொர்க்குகள் அவற்றை ஏற்பதில்லை. ஏற்றாலும் மீட்பு வழியை உங்கள் கையாலேயே அடைத்துவிட்டீர்கள்.

முகவரி வெளியே தெரியுமோ என்று தயங்குகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், என்னிடம் கேட்பதுண்டு. தயக்கம் நியாயமானது. அத்தீம் வகை நிக்செர்வில் ஹைட்மெயில் என்று ஒரு செட்டிங் இருக்கிறது; அது இயங்கும்போது உங்கள் கணக்கைப் பற்றி மற்றவர் விசாரித்தால் முகவரி காட்டப்படாது. பதிவு முடிந்தவுடன் கணக்கு விவரத்தைக் காட்டும் இன்ஃபோ கட்டளையை அனுப்பி, அது இயங்குகிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் இயக்கிவிடுங்கள். மேலும், மின்னஞ்சலின் முதல் பகுதியில் உங்கள் முழுப்பெயரும் பிறந்த ஆண்டும் இருந்தால், அரட்டைக்கென்று வேறொரு சொந்த முகவரி வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு நெட்வொர்க்கில் செய்த பதிவு இன்னொன்றில் செல்லாது. டெபியனின் சேனல்கள் ஓஎஃப்டிசி நெட்வொர்க்கில் இருக்கின்றன. வேறு பல திறந்த மூலத் திட்டங்கள் லிபெரா சாட்டில். இரண்டிலும் தனித்தனியாகப் பதிவும் சரிபார்ப்பும் வேண்டும். 2021 மே மாதம் ஃப்ரீநோட் நெட்வொர்க்கின் தன்னார்வலர்கள் விலகி லிபெரா சாட்டைத் தொடங்கியபோது, அங்கே போனவர்கள் எல்லோரும் தங்கள் நிக்கைப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஜூனில் ஃப்ரீநோட் பழைய பதிவேட்டைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்கியதில், அங்கேயே தங்கியவர்களின் பதிவுகளும் போயின. பதிவேடு யார் கையில் இருக்கிறதோ அவர்கள் இருக்கும்வரைதான் பதிவு.

கல்லூரி முகவரியைக் கொடுத்து ஏற்கெனவே பதிவு செய்துவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். கணக்கில் நுழைந்து, செட் இமெயில் என்ற கட்டளையோடு புதிய முகவரியைக் கொடுங்கள். குறியீடு புதிய முகவரிக்கு வரும். இம்முறை வெரிஃபை இமெயில்சேஞ்ச் என்பதைச் சுருக்கி எழுதிய ஒரு கட்டளையோடு அதைக் கொடுக்க வேண்டும், அஞ்சலிலேயே எழுதியிருக்கும். அதைச் செய்யும்வரை பழைய முகவரியே பதிவில் இருக்கும், எதுவும் கெடாது. பழைய பெட்டி மூடப்பட்டிருந்தாலும் பரவாயில்லை, அதைத் திறக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. உங்கள் நிக்கின் கடவுச்சொல் மட்டும் நினைவில் இருக்க வேண்டும். இறுதியாண்டில் இருப்பவர்கள் இதை இந்த வாரமே செய்துவிடுங்கள். செய்த பிறகு இன்ஃபோ கட்டளையை அனுப்பி, திரையில் தெரிவது புதிய முகவரிதானா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.